எல் அலமைன், ஸ்டாலின்கிராட்: தேதிக் குழப்பத்துக்கு

இரண்டாம் உலகப் போரின் இந்த ரெண்டு சண்டைகளின் தேதிகளும் தேர்வில் மாறிப்போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தனித்தனியாக மனப்பாடம் பண்ணாமல், 1942 அக்டோபரிலிருந்து ஒரே கோடாகப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 23 அன்று எகிப்தின் எல் அலமைனில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி ஜெர்மன், இத்தாலியப் படைகளைத் தாக்குகிறார், நவம்பர் 8 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இறங்குகின்றன, நவம்பர் 19 அன்று சோவியத் படை, ஜெர்மனியின் கூட்டாளிகளான ருமேனியர்கள் காத்துநின்ற பலவீனமான பக்கங்களில் புகுந்து நாலைந்து நாளில் ஜெர்மனியின் ஆறாம் படையை ஸ்டாலின்கிராடில் வளைத்துவிடுகிறது. நானே ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட விஷயம், உள்ளே சிக்கியவர்களுக்கு விமானத்தில் ரொட்டி அனுப்ப வேண்டிய அதே நேரத்தில் ஜெர்மனியின் யுங்கர்ஸ் சரக்கு விமானங்களில் ஒரு பகுதி, அந்த நவம்பர் 8 தரையிறக்கத்தை எதிர்கொள்ள, பக்கத்து துனிசியாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பசியில் வண்டிக் குதிரைகளையே அறுத்துத் தின்றார்கள். 1943 பிப்ரவரி 2 அன்று மிச்சமிருந்தவர்களும் சரணடைந்தார்கள். அப்புறம், மிட்வே கடற்போர் 1942 ஜூன் மாதமே முடிந்துவிட்டது, அது பசிபிக். அதைத் தனிக் கோட்டில் வையுங்கள்.