முனைவர் பட்டம் முடித்த கையோடு பொது உரைத் தொடருக்கு அழைத்தால் ஏற்கலாமா?

வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுதான் ஆகிறது, ஒரு பல்கலைக்கழகம் மூன்று நாள் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்திருக்கிறது, ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: ஒவ்வொரு உரைக்கும் பிறகு கலந்துரையாட நேரம்.

என் முதல் பொது உரையில் அது இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது ஒரு வட்டத்தில் தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி, எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது தலைப்பு. ஆவணங்களில் ஆண்டெல்லாம் பசலியில், அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டில், இருந்தது. நான் பேசி முடித்ததும், நேரமின்மையால் கேள்விகள் இல்லை என்று அறிவித்து நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். வெளியே டீ குடிக்கும்போது ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, பசலி 1286-ஐ 1876-னு போட்டிருக்கீங்க. பசலி ஜூலையில தொடங்கி அடுத்த வருஷம் ஜூன்லதானே முடியும்? அந்த வஜா 77 மே மாசம்கூடக் கொடுத்ததா இருக்கலாமே?" என்றார்.

அவர் சொன்னது சரி. பசலியோடு 590-ஐக் கூட்டி, ஒற்றை ஆங்கில ஆண்டாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பஞ்சம் முற்றும் முன்பே வஜா வந்துவிட்டது என்ற என் வாதம் முழுக்க அந்தக் கூட்டலின் மேல் நின்றது. நெறியாளர், புறத்தேர்வாளர்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு அத்தியாயத்தையே திருப்பி எழுதினேன். அவர் டீ குடிக்க நிற்காமல் பஸ்ஸுக்குப் போயிருந்தால் அந்தப் பிழை அப்படியே அச்சேறியிருக்கும்.

வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் வைல்ஸ் உரைகளில் இந்த விவாதத்தை ஏற்பாட்டிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஜேனட் பாய்ட் என்பவர் தன் தந்தை தாமஸ் வைல்ஸ் நினைவாக 1953-இல் நிறுவியது. பொதுமக்களுக்கான உரை முடிந்த பிறகு, அந்தப் பொருளில் தேர்ந்தவர்களை வெளியிலிருந்து வரவழைத்து உரையாளரோடு உட்கார வைப்பார்கள். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1985-இல் தேசியவாதம் பற்றி அங்கே ஆற்றிய உரைகள் 1990-இல் நூலாக வந்தன. விவாதத்துக்கு வந்த மிரோஸ்லாவ் ஹ்ரோக், டெரன்ஸ் ரேஞ்சர் போன்ற வரலாற்றாசிரியர்களுக்கு அதில் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார்.

ஹாப்ஸ்பாம் போன்றவர் கைப்பிரதியை யாருக்கு அனுப்பினாலும் படித்திருப்பார்கள். நமக்கு அப்படி ஆள் கிடையாது. அதனால் இந்த ஏற்பாடு இளம் ஆய்வாளருக்குத்தான் அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? உரை 45 நிமிடம், விவாதம் 45 நிமிடம் என்று நேரத்தைப் பிரித்தே எழுதுங்கள். உங்கள் துறையில் ஒருவர், நீங்கள் பயன்படுத்தும் ஆவணங்களோடு புழங்கியவர் ஒருவர், இரண்டு பேரையாவது அழைக்கச் சொல்லுங்கள். உரையை ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம், அச்சுக்குக் கொடுக்க உரை முடிந்து மூன்று மாதமாவது அவகாசம் கேளுங்கள். திருத்துவதற்கு அவ்வளவு வேண்டியிருக்கும்.