இடிபாட்டை அள்ளுவதற்கு முன்: கேள்வி பதில்

கெடா மாநிலம் பீடோங் வட்டாரத் தோட்டக் கோவில் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பழைய கட்டடங்களை அளந்து வரைவதையே நெடுநாளாகச் செய்துவரும் நான் விடை எழுதுகிறேன்.

கோவில் செயலாளர்: ஐயா, மரம் சாய்ந்து எங்கள் மாரியம்மன் கோவில் கோபுரத்தில் பாதி சரிந்துவிட்டது. குத்தகையாளர் நாளையே லாரி கொண்டுவருகிறார். முதலில் என்ன செய்வது?

லாரியை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். சாய்ந்து நிற்கும் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் அருகே விடாதீர்கள். எந்தச் சுதைச் சிற்பம் எங்கே, எந்த முகமாக விழுந்து கிடக்கிறது என்பதைக் கொண்டுதான் அது கோபுரத்தின் எந்த அடுக்கில் இருந்தது என்று பிறகு கணிக்க முடியும். கயிறு கட்டித் தரையை ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். துண்டுகளின்மேல் சாக்கட்டியால் எண் எழுத வேண்டாம். எங்கள் தோட்டத்தில் அப்படி எழுதியதெல்லாம் ஒரே மாலை மழையில் கரைந்து, எது எதனுடையது என்று தெரியாத துண்டுகளை இன்றும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். தகர வில்லையில் ஆணியால் எண்ணைக் கீறிக் கம்பியால் கட்டுங்கள். சிறு துணுக்குகளைப் போட்டு வைக்கப் பழைய ரப்பர் பால் கிண்ணங்களே போதும். அப்படி ஒரு துணுக்கின் உடைந்த விளிம்பில் மேலே எனாமல் சாயமும், அதன் கீழ் இரண்டு பூச்சு நீலமும், அடியில் காவியும் அடுக்காகத் தெரிந்தன; அம்மன் சேலையின் முதல் நிறம் எது என்று பெரியவர்களிடையே இருந்த வழக்கு அன்றோடு தீர்ந்தது.

கல்லூரி மாணவி: கைப்பேசிப் படங்கள் இருக்கும்போது அளந்து வரைவது எதற்கு?

படம் தோற்றத்தைக் காட்டும். கொத்தனாருக்கு வேண்டியது அளவு. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரை மீண்டும் எழுப்பியவர்களுக்கு, 18-ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ தீட்டிய ஓவியங்களோடு, போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த தாள்களும் கைகொடுத்தன. 2019-இல் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் கலை வரலாற்று அறிஞர் ஆண்ட்ரூ டாலன் லேசர் கருவியால் எடுத்திருந்த அளவுகள் உதவின. நமக்கு அருகிலேயே, பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி (பழங்காலக் கோவிலின் எச்சம்) 2013-இல் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. அதை அந்த எண்ணால் நாம் இன்றும் குறிப்பிட முடிவது, 1930-களில் அங்கே அகழாய்வு செய்த குவாரிட்ச் வேல்ஸ் ஒவ்வோர் இடத்துக்கும் எண் இட்டுப் பதிந்ததால்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்களிடம் பழைய படமே இல்லையே?

கோவிலில் நடந்த திருமணங்களின் ஆல்பங்களைக் கேளுங்கள். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் தூண் தெரியும். பெரியவர்களின் நினைவையும் எழுதுங்கள், ஆனால் நினைவு என்று குறித்தே எழுதுங்கள்.

பொருளாளர்: எப்படியும் குடமுழுக்கிற்கு எல்லாவற்றையும் புதிதாகத்தானே செய்யப்போகிறோம்?

செய்யுங்கள், வழிபாடு நடக்கும் கோவிலை அருங்காட்சியகம்போல் பூட்டி வைக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஆனால் ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்கிறது, பழஞ்சின்னங்களைப் பேணுவதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். பாலாலயத்துக்கு முன், அதாவது திருப்பணிக்காக அம்மனைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் முன், அளந்து முடித்து, எது பழையது, எது பழைய சான்றைப் பார்த்துச் செய்தது, எது ஸ்தபதியின் கற்பனை என்று மூன்று நிறங்களில் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

அதே செயலாளர்: பதிவேட்டைக் கோவில் அலமாரியில் வைக்கலாமா?

ஒரு படியை மட்டும் வையுங்கள். 1981-இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. வேறு படியில்லாத ஓலைச்சுவடிகள் திரும்பவில்லை. இன்னொரு படி தமிழ்ப்பள்ளியிலும், மற்றொன்று வெளியூரில் இருக்கும் உறுப்பினர் வீட்டிலும் இருக்கட்டும்.