ஆபீஸுக்கு வரச் சொல்லும் கம்பெனிகள்: கொங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வருகைக் கட்டாயம் பற்றியவை. சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு, அவினாசி ரோடு என்று எங்கே வேலை பார்ப்பவர்கள் எழுதினாலும் ஆதங்கம் ஒன்றுதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியார் ஊழியருக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் பொதுவான உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வேலை நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அடிப்படை. ஆனால் வருகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், யாருக்கு விலக்கு தருகிறார்கள், அதை எழுத்தில் வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்க உங்களுக்கு நிறையவே இடம் இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து சரவணம்பட்டிக்குப் போய் வருகிறேன். மாத வேலை நாட்களில் 60 சதவீதம் ஸ்வைப், அதாவது ஆபீஸ் வாசலில் ஐடி கார்டு காட்டிப் பதியும் வருகை, இருக்க வேண்டும் என்பது விதி. காய்ச்சலுக்கு மூன்று நாள் லீவு எடுத்தேன், மேனேஜரும் ஒப்புதல் தந்தார். ஆனால் அந்த மூன்று நாளும் 'வரவில்லை' என்றே ஏறியிருக்கிறது. வருகை குறைவு என்று மெயிலும் வந்துவிட்டது. இது நியாயமா?

நியாயமே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 60 சதவீதத்துக்கு நீங்கள் 14 நாள் வர வேண்டும். லீவு மூன்றைக் கழித்து 19 நாளுக்குப் போட்டால் 12 நாள் போதும். பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் வந்து, ஊரைக் கடந்து, சத்தி ரோடு நெரிசலிலும் நின்று போகிறவருக்கு அந்த இரண்டு நாள் சின்ன விஷயம் இல்லை. கம்பெனியே அனுமதித்த லீவை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதை எந்த எச்ஆரும் வெளிப்படையாக நியாயப்படுத்த முடியாது. பெரும்பாலும் சாஃப்ட்வேரில் லீவுப் பட்டியலையும் ஸ்வைப் பட்டியலையும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். நீங்கள் கேட்டால்தான் அது வெளியே வரும்.

மேனேஜரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எச்ஆருக்கு மெயில் போடுங்கள். சதவீதம் எந்த மொத்த நாளுக்கு, ஒப்புதல் பெற்ற லீவும் அரசு விடுமுறையும் அதில் சேருமா, எத்தனை மணி நேரம் இருந்தால் ஒரு நாளாகக் கணக்கு, க்ளையன்ட் இடத்துக்குப் போன நாள் எதில் வரும்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். லீவு ஒப்புதல் வந்த மெயிலையும் இணைத்துவிடுங்கள். வேரியபிள் பேயை (வேலை மதிப்பீட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் சம்பளப் பகுதி) வருகையோடு முடிச்சுப் போடும் கம்பெனிகள் உண்டு. உங்களுடையதும் அப்படியென்றால் அப்ரைசல் வரை காத்திருக்காமல் இந்த மாதமே திருத்தச் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பீளமேட்டில் வேலை. 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்தது. உடனே வாரம் ஐந்து நாளும் வரச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாமியார் ஊரில் இல்லை. குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவது?

அம்மிணி, உங்கள் கையில் சட்டம் கொஞ்சம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம், வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்த பிறகும் வீட்டிலிருந்து வேலை செய்ய வழி விடுகிறது. எத்தனை காலம், என்ன நிபந்தனை என்பதை நீங்களும் நிர்வாகமும் பேசி முடிவு செய்ய வேண்டும். அதனால் அவர்கள் மறுக்கவும் முடியும். ஆனால் குழந்தைகள் காப்பகம் அப்படியில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருந்தே ஆக வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளைகள் உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன.

எனவே மெயிலில் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். "நான்கு மாதங்களுக்கு வாரம் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு" என்று முடியும் தேதியோடு எழுதுங்கள். கெடு இருக்கும் கோரிக்கைக்குத் தலையாட்டுவது அவர்களுக்கும் எளிது. காப்பகம் எங்கே இருக்கிறது, குழந்தையை எந்தத் தேதியிலிருந்து சேர்க்கலாம் என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். காப்பகமே இல்லையென்றால், அந்தக் குறையைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு அவர்களால் உங்கள் கோரிக்கையை எளிதில் மறுக்க முடியாது. அப்படியும் பிடிவாதம் பிடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். பிள்ளை பெற்ற ஒரே காரணத்தால் நல்ல ஊழியர்கள் வேலையை விட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. தயவுசெய்து கேட்காமல் ராஜினாமா எழுதிவிடாதீர்கள்.

நண்பனின் ஐடி கார்டை நான் ஸ்வைப் செய்கிறேன், என்னுடையதை அவன். எல்லோரும் செய்கிறார்கள். மாட்டினால் என்ன ஆகும்?

வேலை போகும். இன்றோடு நிறுத்துங்கள். கேமராவும் கம்ப்யூட்டர் லாகினும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வருகையில் மோசடி என்று ஃபைலில் ஏறிவிட்டால், உங்கள் பக்கம் இருந்த நியாயமான குறையைக்கூட அப்புறம் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஈரோட்டில் வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு நான்கு வருடமாக வேலை செய்கிறேன். இனி பெங்களூருக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். விட்டுவிடலாமா?

ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். வேலை இடம் ஈரோடு என்றோ, நிரந்தரமாக வீட்டிலிருந்து என்றோ இருந்தால் உங்கள் வாதம் வலுவானது. இடமாற்றப்படி கேட்கலாம், அவகாசமும் கேட்கலாம். பெங்களூரு என்று இருந்து, நடைமுறையில் மட்டும் விட்டுவைத்திருந்தால் வாதம் பலவீனம்தான். அப்போது, வேலை செய்தது எல்லாம் பதிவாக இருக்கிறதே, மாதம் ஒரு வாரம் வந்து போகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஈரோட்டிலிருந்து பகல் ரயில்கள் உண்டு, வந்தே பாரத்தும் நிற்கிறது. விடுவது என்று முடிவெடுத்தாலும் தேதியைப் பார்த்து விடுங்கள். பணிக்கொடைக்கு (கிராச்சுட்டி) பொதுவாக ஐந்து வருடம் வேண்டும், நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள்.

அன்னூரில் தோட்டம். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும். ஒன்பதரை மணிக்கு ஸ்வைப் இல்லையென்றால் அரை நாள் வெட்டு என்கிறார்கள்.

பண்ணையத்துக்காக விதியைத் தளர்த்தச் சொல்லி வழக்காட முடியாது. ஆனால் பத்தரைக்கு வந்து ஏழரைக்குப் போகிறேன் என்று நேரத்தை மாற்றிக் கேட்டால் பல மேனேஜர்கள் ஒத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு க்ளையன்ட் மாலையில்தான் விழிக்கிறார் என்றால் அதையே காரணமாகச் சொல்லுங்கள்.

நான் டீம் லீட். விதியை அமல்படுத்த வேண்டியது என் வேலை. ஆறு மாதத்தில் நல்ல ஆட்கள் மூவர் போய்விட்டார்கள். மேலே எப்படிப் பேசுவது?

உங்கள் நிலைமைதான் இதில் கஷ்டமானது. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் செய்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலை மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வித்தியாசம் தெரியவில்லை. பெண்களுக்கும் நெடுந்தூரம் பயணிப்பவர்களுக்கும் பலன் கூடுதல். உங்கள் டீமில் மேட்டுப்பாளையத்திலிருந்தும் கோபியிலிருந்தும் வருகிறவர்கள் இருந்தால் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஆபீஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்திருப்பது பெரிய உதவி. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேறு ஊர்க்காரர்களோடு கால் பேசிவிட்டுத் திரும்பும் நாள்தான் ஆட்களைக் கசக்க வைக்கிறது. அதனால் டீம் முழுக்க ஒரே மூன்று நாள் வரட்டும், ரிவ்யூவும் பயிற்சியும் அந்த நாட்களில் நடக்கட்டும் என்று மூன்று மாதச் சோதனைக்கு அனுமதி கேளுங்கள். போன மூவரின் இடத்தை நிரப்ப எத்தனை வாரம் ஆனது, அதற்குள் எந்த டெலிவரி தள்ளிப்போனது என்ற கணக்கையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.