முன்பின் தெரியாதவர் செய்த உதவியில் கடவுளின் அருளை உணர்ந்த பயணம் உங்களுக்கு உண்டா?

உண்டு. ஆனால் அதை அருள் என்று சொல்வது என் அம்மா. நான் கூட இருந்த சாட்சி, அவ்வளவுதான். நடந்ததைச் சொல்கிறேன்.

2017, சித்திரை மாதம். அம்மாவும் நானும் புதுக்கோட்டையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் திருப்பைஞ்ஞீலிக்குக் கிளம்பினோம். திருச்சிக்கு வடக்கே, மண்ணச்சநல்லூர் தாண்டி இருக்கிற ஊர். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே கல்வாழைக்குப் பரிகாரம் செய்வார்கள். ஞீலி என்பதே ஒருவகை வாழையின் பெயர்தான், ஊருக்குப் பெயரும் அதனால் வந்தது. பரிகாரம் எனக்கு. வயது முப்பத்திரண்டு. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நம்பிக்கை எனக்கு இருக்கு, நீ கூட வந்தாப் போதும்" என்றார் அம்மா.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அன்றைக்குச் சாமி கும்பிட்ட பிறகுதான் பச்சைத் தண்ணி என்று முடிவு பண்ணியிருந்தார். அது எனக்குத் தெரியும். காலையில் பழக்க தோஷத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டதுதான் தெரியாது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கிளிமிபிரைடு. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை, உடம்பை இன்சுலின் சுரக்கச் சொல்லிவிடும். வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறி, கொள்ளிடம் பாலம், நெம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர் எல்லாம் தாண்டியாயிற்று. அப்புறம் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இறங்கிக்கங்க, அடுத்த வண்டியில ஏத்தி விடுறேன்" என்றார். ஒரு புளியமர நிழலில் போய் நின்றோம். கடை கண்ணி எதுவும் பக்கத்தில் இல்லை.

அம்மா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. வெயிலுக்கு எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. முந்தானையால் நெற்றியைத் துடைக்கப் போனவர் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். அப்புறம் என்னைப் பார்த்து, வாய் குழற, "உங்கப்பா டிக்கெட் எடுத்துட்டாரா?" என்று கேட்டார்.

அப்பா செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தண்ணி தெளி, காற்று வரட்டும் விலகு, படுக்க வை. நான் 108-க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எதிர்த் திசையிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒருவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அழுக்கு லுங்கி, தலையில் துண்டு. புருவம், நெற்றி, இரண்டு கை, நெஞ்சு எல்லாம் வெள்ளையாக ஏதோ பூசினமாதிரி இருந்தது.

"அம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"இருக்குண்ணே."

"சாப்டாங்களா?"

"இல்லண்ணே, கோயிலுக்கு..."

அவர் நான் சொல்லி முடிக்க விடவில்லை. வண்டியில் மாட்டியிருந்த பையிலிருந்து அரைக் கிலோ சீனிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பல்லால் கிழித்தார். விரல்களைத் துண்டில் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை சீனியை அம்மாவின் கன்னத்து ஓரத்தில் வைத்து அமுக்கினார். "முழுங்கும்மா... மெதுவா." இன்னொரு சிட்டிகை. இன்னொன்று. அவசரமே இல்லை அவருக்கு, ஏதோ குருவிக்குஞ்சுக்கு ஊட்டுவதுபோல. அதே நேரத்தில் என்னைத் திட்டிக்கொண்டும் இருந்தார். "சர்க்கரைக்காரங்களப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வர்றியே, படிச்சவன்தான நீ? எங்கண்ணன் இப்படித்தான் ராத்திரில..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அம்மாவின் பார்வை தெளிந்தது. "ஏன்டா எல்லாரும் நிக்கிறாங்க?" என்றார். எனக்குக் கால் துவண்டுவிட்டது, நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

அவரோ அதோடு விடவில்லை. சீனி சீக்கிரம் ஏற்றும், சீக்கிரம் இறக்கியும் விடும், வயிற்றுக்குச் சோறு போனால்தான் நிற்கும் என்று சொல்லி, தன் தூக்குச்சட்டியைத் திறந்தார். பழைய சோறு, மோர் விட்டது. நாலைந்து சின்ன வெங்காயம். ஓரத்தில் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று. கோயிலுக்குப் போகிறவர்கள் என்பது நினைவு வந்திருக்க வேண்டும், அதை மட்டும் எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மூடியில் சோற்றைக் கவிழ்த்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

அவர் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஊர் அரிசிக்குப் பேர்போனது, வழியெல்லாம் மில்தான். அன்றைக்குக் காலையில் திடீரென்று கரண்டு போய் மோட்டார் ஓடவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மூட்டை இல்லையென்றால் கூலியும் இல்லை. ஒரு கொள்முதல் விஷயமாக இந்தப் பக்கம் வந்தவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேலே பூசியிருந்தது தவிட்டுத் தூசி.

இருநூறு ரூபாயை நீட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. "சீனிக்கு மட்டும் இருபது ரூபா குடு, வீட்ல கேப்பா" என்று வாங்கிக்கொண்டார். அடுத்த பஸ் வந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றுகிற பரபரப்பில் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. பெயரும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தார்கள். திரும்பிவிடலாம், டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அம்மா அசையவில்லை. வெளியே ஒரு கடையில் இட்லி வாங்கிக் கொடுத்து, சாயங்காலம்வரை நிழலில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அம்மா கேட்டார்: "அவர் யாருன்னு தெரியுமாடா உனக்கு?"

பெரியபுராணத்தில் வருகிற கதை. திருநாவுக்கரசர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு இதே திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வருகிறார். வயதான காலம். வழியில் பசியும் தாகமும் தாங்க முடியவில்லை. சிவன் அந்த வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, திருநீறு பூசிய அந்தணராகப் பொதிசோறோடு காத்திருக்கிறார். இதைச் சாப்பிடு, தண்ணீர் குடி என்கிறார். அப்பரும் யார் என்ன என்று கேட்காமல் சாப்பிடுகிறார். அந்த அந்தணர் எங்கே போகிறீர் என்று கேட்டு, நானும் அங்கேதான் என்று கூடவே நடந்து வருகிறார். கோயில் நெருங்கும்போது ஆளைக் காணவில்லை. அப்புறம்தான் அப்பருக்குப் புரிகிறது, விழுந்து அழுகிறார். அந்த ஊரில் சோற்றுடை ஈசுவரர் என்று அதற்குத் தனிச் சன்னதியே உண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "திட்டினாரேம்மா. அப்பரை அவர் திட்டலையே?"

"அப்பர் மாத்திரை போட்டுட்டு வரலையே."

அன்றைக்குச் சிரித்தாலும் அந்தக் கதை என்னை விடவில்லை. பிறகு தேடிப் படித்தேன். சுந்தரருக்கும் இதே நடந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. திருக்குருகாவூர் வழியில் சிவன் பந்தல் போட்டுக் கட்டுச்சோறும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் திருக்கச்சூரில், உச்சி வெயிலில் வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்து சோறு போட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். வழியில் ஒருத்தன் தவித்து நின்றால் இந்தக் கதைகளில் சாமி பொன்னோடு வருவதில்லை, சோற்றோடு வருகிறது. அதையும் ஒரு தடவை நாலு வீட்டில் கேட்டு வாங்கி வர வேண்டியிருந்திருக்கிறது.

நான் நம்புகிறேனா என்று கேட்டால், ஒரு கணக்கு மட்டும் உறுத்துகிறது. பஸ் அங்கே நிற்க வேண்டும். மில்லில் கரண்டு போக வேண்டும். சோறு திறக்காமல் இருக்க வேண்டும், பையில் சீனி இருக்க வேண்டும். நாங்கள் அருள் என்று சொல்கிற நாள், அந்த மனுஷனுக்குக் கூலியும் போய்ச் சோறும் போன நாள். சாமி வந்ததென்றால், யாரோ ஒருத்தர் செலவில்தான் வந்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னால், "அவருக்கு வேற வழியில குடுத்திருப்பார்" என்று அடித்துச் சொல்வார். கொடுத்திருந்தால் நல்லது.

பரிகாரத்தைக் கேட்பீர்கள். 2019-இல் கல்யாணம் ஆயிற்று. இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட பரிகாரத்துக்கு வாழைமரத்தைப் பாராட்டுவதா என்று என் மனைவி கேட்கிறாள். ஒன்று மட்டும்: வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி வேண்டாம். பையில் எப்போதும் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும். மூன்று ஸ்பூன், பதினைந்து நிமிஷம், அப்புறம் சாப்பாடு. ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்தக் கதையை அம்மா எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது தவிடு திருநீறாகிவிடும். கருவாடு வரவே வராது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது தூக்குச்சட்டியின் மூடி கீழே விழுந்தது. அம்மா சாப்பிட்டுவிட்டு அப்படியே பைக்குள் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் அதை எடுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் போனேன். மூன்று மில் ஏறி இறங்கினேன். பெயரில்லாமல் எப்படிக் கேட்பது? "புருவமெல்லாம் தவிடா இருக்கும்ணே" என்றேன். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புருவம் வெள்ளைதான்.

மூடி இப்போது எங்கள் வீட்டுத் தயிர்ப் பாத்திரத்தின் மேல் இருக்கிறது. அளவு கொஞ்சம் பெரியது, சரியாகப் பொருந்தாது. அம்மா வேறு மூடி போட விடுவதில்லை.