ஐரிஷ் டாக்டர் வைல்டும் மனைவி ஜேனும்: வம்சாவளி தேடுவது பற்றிக் கேள்வி பதில்

சர் வில்லியம் வைல்டு டப்ளினில் கண், காது வைத்தியத்தில் பேர் வாங்கிய டாக்டர். மனைவி ஜேன் எல்ஜி, ‘ஸ்பெரான்சா’ என்ற பெயரில் கவிதை எழுதியவர். ஆஸ்கர் வைல்டின் அப்பா, அம்மா. இந்த இருவரை உதாரணமாக வைத்து அயர்லாந்து ஆவணங்களில் குடும்பம் தேடுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, இவர்களைத் தேட எங்கே தொடங்குவது? வில்லியம் பிறந்த 1815இலிருந்தா?

இல்லை, சாவிலிருந்து. கடைசியாகத் தெரிந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அவர் 1876 ஏப்ரல் 19 அன்று இறந்தார். 1864 முதல் அயர்லாந்தில் எல்லாப் பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவில் இருப்பதால், இறப்புப் பதிவு கிடைக்கும்.

அடுத்தது திருமணம். 1851 நவம்பர் 12, டப்ளின் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம். கத்தோலிக்கத் திருமணங்கள் 1864இல்தான் அரசுப் பதிவுக்கு வந்தன. மற்றவை 1845 ஏப்ரலிலேயே வந்துவிட்டன. இவர்களுடையது புராட்டஸ்டண்ட் திருமணம், அதனால் தப்பித்தோம். அந்தப் படிவத்தை நிதானமாகப் பாருங்கள்: பெயர், வயது, தொழில், குடியிருந்த இடம், அப்புறம் மணமகன் மணமகள் இருவரின் அப்பா பெயரும் அவர்கள் தொழிலும். மனைவி வழி தேடுகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் திறவுகோல். வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்று மட்டும் எழுதியிருந்தால் 21 முடிந்தவர் என்று பொருள், அவ்வளவுதான்.

அயர்லாந்து அரசின் வம்சாவளித் தளத்தில் இந்தப் பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கடந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வேறு யாரோ இணையத்தில் போட்டுவைத்த வம்சாவளியை நகலெடுக்காதீர்கள். ஒருவர் செய்த பிழை நூறு பேர் வீட்டில் உண்மையாகிவிடுகிறது.

1922இல் எல்லாம் எரிந்துவிட்டதாமே?

எல்லாம் இல்லை. உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம், 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதியும், புராட்டஸ்டண்ட் சபையான அயர்லாந்து திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின. 1861, 1871 தாள்களை அதற்கு முன்பே அரசே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாக்கப்பட்டன. ஆனால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. பிறப்பு, இறப்பு, திருமண அரசுப் பதிவுகளும் தப்பின. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1841, 1851 கணக்கெடுப்புகளில் மரணம், நோய் பற்றிய அட்டவணைகளைத் தயாரித்தவர் இதே வில்லியம் வைல்டுதான். 1840களில் அயர்லாந்தில் வந்த பெரும்பஞ்சத்தில் மக்கள் எந்த நோயில் செத்தார்கள் என்பதை வீடு வீடாக வந்த தாள்களிலிருந்து திரட்டினார். 1864இல் அவருக்குக் கிடைத்த சர் பட்டம் இந்த உழைப்புக்காகத்தான். அச்சிட்ட அட்டவணைகள் இன்றும் உள்ளன. அந்தக் குடும்பங்களின் பெயர் எழுதிய தாள்கள்தான் சாம்பலாயின.

டாக்டர் என்பதால் தனி ஆவணம் ஏதாவது?

நிறைய. 1859இலிருந்து மருத்துவர் பதிவேடு ஆண்டுதோறும் அச்சானது: பெயர், முகவரி, எந்தத் தகுதி, எந்த ஆண்டு. அதற்கு முன்பு என்றால் டப்ளின் அறுவை மருத்துவர் கல்லூரி. வைல்டு அங்கே 1837இல் தகுதி பெற்றவர். அது தவிர, டப்ளினில் தனி அமைப்பாக உள்ள மருத்துவர் கல்லூரியில், டாக்டர் கிர்க்பாட்ரிக் சேர்த்துவைத்த கோப்புகளில் ஆயிரக்கணக்கான ஐரிஷ் டாக்டர்களின் குறிப்புகள் கிடைக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு மூன்று டாக்டர்கள் இருப்பார்கள், ஜாக்கிரதை. வைல்டின் அப்பா தாமஸும் டாக்டர்தான். சகோதரர்கள் ரால்ஃபும் ஜானும் பாதிரியார்கள். அவர்களுக்குத் திருச்சபைப் பட்டியல்களைப் பாருங்கள்.

1922 தீயில் ஆவணங்கள் போனபிறகு தேடி என்ன பயன்?

மேலே சொல்லிவிட்டேன்.

ஜேன் பிறந்தது 1821ஆ, 1826ஆ?

1826 என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஞானஸ்நானப் பதிவு அகப்படவில்லை. ஆனால் 1888இல் எழுத்தாளர்களுக்குப் பண உதவி செய்யும் ராயல் லிட்டரரி ஃபண்டுக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தபோது அவரே 1821 டிசம்பர் 27 என்று எழுதினார். அது ஒன்று. இன்னொன்று, அவர் அப்பா சார்லஸ் எல்ஜி 1822இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, 1824இல் பெங்களூரில் இறந்துபோனார். அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை பிறக்காது. பிறந்த தேதிக்குப் பதிவு இல்லையென்றால் சுற்றியிருப்பவர்களின் தேதிகளைத் தேடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பெங்களூர் பாளையம் (கன்டோன்மென்ட்) அப்போது சென்னை மாகாணப் படையின் கையில் இருந்தது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 (N/2) என்ற வரிசையில் உள்ளன. நம் பக்கம் வந்த ஐரிஷ்காரர்களைத் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜேன் இத்தாலியக் கவிஞர் தாந்தே அலிகியேரியின் வம்சம். எல்ஜி என்பது அலிகியேரியின் திரிபு என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆவணம் இல்லாததால். அவர் தாத்தா ஜான் எல்ஜி வெக்ஸ்ஃபோர்டில் ஆர்ச்டீக்கன், அதாவது பிஷப்புக்கு அடுத்த நிலைப் பாதிரியார். தாத்தாவின் அப்பா இங்கிலாந்தின் டர்ஹம் பக்கத்திலிருந்து டண்டாக்குக்கு வந்த கட்டட வேலைக்காரர். அதற்கு மேல் இத்தாலிக்குப் போக ஒரு காகிதமும் இல்லை.

இது அநியாயம் அக்கா. காகிதத்தில் இல்லையென்றால் பொய்யா? நம் குலக்கதைகள் எல்லாம் வாய்வழிதானே?

கோபம் நியாயமானது. காகிதமும் பொய் சொல்லும். திருமணத்துக்கு முன் வைல்டுக்குப் பிறந்த மகள்கள் எமிலி, மேரி இருவரையும் அவர் சகோதரர் ரால்ஃப் வளர்த்தார். 1871 நவம்பரில் மோனகன் கவுண்டியில் ஒரு விருந்தில் உடையில் தீப்பிடித்து இருவரும் இறந்தார்கள். மரண விசாரணைப் பதிவில் பெயர் ‘வைலி’ என்று இருக்கிறது. சரியான பெயர் கல்லறைக் கல்லில்தான். ஊர்க்காரர்களும் அந்தக் கதையைத் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். இங்கே ஊர்ப்பேச்சுதான் ஜெயித்தது.

அப்படியானால் தாந்தே கதையும் ஜெயிக்கலாமே?

மோனகனில் பேசியவர்கள் கண்ணால் பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். தாந்தே இறந்தது 1321இல். இடையில் ஐந்நூறு வருஷம், ஒரு சாட்சிகூட இல்லை. வாய்வழிக் கதையை எழுதி வையுங்கள்: யார் சொன்னது, எப்போது, அவருக்கு யார் சொன்னது என்று. ஆனால் வம்ச மரத்தில் கிளையாக மட்டும் வரையாதீர்கள்.

வில்லியம் வழியில் டச்சுக் கர்னல் ஒருவர்…

அதற்கும் இதே பதில்.

மனைவி குடும்பத்துச் சொத்து விவரம்?

டப்ளின் பத்திரப்பதிவகம், 1708 முதல். திருமண ஒப்பந்தங்களில் மாமனார், மைத்துனர் பெயரெல்லாம் வரும். பெயர்க் குறியேட்டில் சொத்தைக் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும், அதனால் மனைவி பெயரில் தேடி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

என் பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர். பாஸ்போர்ட் கிடைக்குமா?

தூதரகத்தைக் கேளுங்கள்.

1922 தீ…

இன்றைக்கு இந்தக் கேள்வி போதும்.

என் கொள்ளுத்தாத்தா சென்னையில் வேலை பார்த்த ஐரிஷ் டாக்டர். கல்யாணப் பதிவின் நகல் கிடைத்தது, எழுத்து புரியவில்லை. பார்ப்பீர்களா?

அனுப்புங்கள். முழுப் பக்கமும் வேண்டும். சாட்சிக் கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அது பெண்ணின் அண்ணனோ மாமனோ ஆக இருக்கும்.