வாசகர் கேள்வி–பதில்: ராமேஸ்வரத்தில் கோயிலோடு கடலையும் பாருங்கள்

கேள்வி: மே மாத விடுமுறையில் குழந்தைகளோடு ராமேஸ்வரம் போகிறோம். தரிசனம் முடிந்ததும் ஒரு மீனவ கிராமத்தை நிதானமாகப் பார்க்க ஆசை. மே மாதம் மீன்பிடித் தடைக்காலமாமே, அங்கே பார்க்க ஏதாவது இருக்குமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர்கள் தொழிலுக்குப் போவார்கள், கரையில் மீனும் வரும். என்ன, எந்தக் கரைக்குப் போவது என்பதைக் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள், தனுஷ்கோடிப் பக்கம் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. மே மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வந்தால் நிலைமை அப்படியே தலைகீழ். அதனால் உங்களுக்கு வடகரைதான் சரி: ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓலைக்குடா, இல்லாவிட்டால் பாம்பனின் வடக்குப் பக்கம்.

விடிந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் மீனும் இருக்காது, வெயிலில் மணலும் சுடும், பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். காலையில் போனால் வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் கழற்றுவது, மீனைக் கூறு கட்டி ஏலம் விடுவது, கிழிந்த வலையைக் கரையில் விரித்துப் பொத்துவது எல்லாவற்றையும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒரு வேண்டுகோள், இதை நான் மனசாரச் சொல்கிறேன்: அங்கே யாரும் உங்களுக்காக வேஷம் கட்டி நிற்கவில்லை, ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்தவர்கள். முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள், "அண்ணே, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். அப்புறம், முடிந்தால் கொஞ்சம் சூடை மீனோ காரல் மீனோ அவர்கள் கையாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்துத் தர முடியுமா என்று தங்குமிடத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டால் மத்தியானச் சாப்பாடும் ஆச்சு.

கேள்வி: தனுஷ்கோடியில் குளிக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேருமிடத்தில் நீரோட்டத்தின் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். கால் நனைப்பதோடு திரும்பிவிடுங்கள். முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், 2017-ல் முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு பேருந்தே போகிறது. ஆனால் இருட்டும்வரை இருக்க விடமாட்டார்கள், மதியத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், ஒதுங்க மரநிழல் கிடைப்பது அபூர்வம். இடிந்து நிற்கும் தேவாலயத்தில் ஏறி நின்று படமெடுக்கிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு கடலில் போன ஊர் அது. அந்த ஊர் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கேயே தொழில் செய்கின்றன.

கேள்வி: பவளப்பாறைத் துண்டு, சங்கு வாங்கி வரலாமா? (வாசகி, மதுரை)

பதில்: பவளப்பாறையைத் தொடவே தொடாதீர்கள், கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் சரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். சங்கு, சிப்பியிலும் சில வகைகளுக்கு அதே தடை உண்டு. கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாலும், எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஊருக்கு ஏதாவது கொண்டுபோக ஆசை என்றால் நல்ல கருவாடு வாங்குங்கள், அந்தக் காசு மீனவர் வீட்டுக்குப் போகும்.