பனிப்புயல் ஓய்ந்த பிறகு: வாசகர் கேள்விகள்

கேள்வி: புயலில் கரண்ட் போகவில்லை. ஆனாலும் விடியற்காலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுவிட்டது. அதன் சிறு விளக்கு மட்டும் மினுங்குகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா?
- வாசகர், ஸ்காபுரோ

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். இப்போதைய ஃபேர்னஸ்களில் பலவற்றுக்குக் கூரையில் புகைபோக்கி இல்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிவிசி குழாய்களில் ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையைத் தள்ளும். காற்று குவித்த பனி இவற்றை மூடினால், உள்ளேயிருக்கும் அழுத்த சுவிட்ச் ஃபேர்னஸை நிறுத்திவிடும். விளக்கு எத்தனை தடவை மினுங்குகிறது என்று எண்ணி, ஃபேர்னஸ் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு, குழாய்களைச் சுற்றி அரை மீற்றருக்குக் கையால் பனியை அள்ளுங்கள். ஷவலால் குத்தவே கூடாது. குளிரில் பிவிசி கண்ணாடிபோல் உடையும். குழாய் வாயில் உறைந்த கட்டியை வெளிப்பக்கமாக எடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள். பிறகு ஃபேர்னஸ் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள், தெர்மோஸ்டாட்டையும் மறுபடி போடுங்கள். அப்படியும் பற்றாவிட்டால் ஃபேர்னஸிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் உறைந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் வரட்டும்.

வாட்டர் ஹீட்டர் குழாயும் சில வீடுகளில் இதே சுவரில்தான் இருக்கும், அதை மூடிய பனியையும் அள்ளிவிடுங்கள். புகை உள்ளே திரும்பினால் கார்பன் மோனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அலாரம் கத்தினாலோ, வீட்டில் பலருக்கு ஒன்றாகத் தலையிடியும் வாந்தியும் வந்தாலோ, காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

கேள்வி: நான் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுக்கும்வரை பிள்ளைகளை உள்ளே ஹீட்டர் போட்டு உட்கார வைக்கலாமா?
- வாசகி, பிரம்ரன்

பதில்: வேண்டாம். பின்னால் புகைக்குழாய் மூடியிருந்தால் அதே நச்சுவாயு சில நிமிடங்களில் காருக்குள் நிறையும். கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைப்பது போதாது. முதலில் புகைக்குழாயைத் தோண்டி எடுங்கள்; எஞ்சினை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. வீட்டு வாசலில் கார் ஏறும் டிரைவ்வேயில் பனியைத் தானே தள்ளுவேன் என்கிறார். விடலாமா?
- வாசகர், பஃபலோ

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் பனி என்றால் 18 கன மீற்றர். கன மீற்றருக்கு 100 கிலோ என்றாலே கிட்டத்தட்ட இரண்டு தொன்! குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். 2022 டிசம்பரில் உங்கள் ஊரில் 130 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோது இறந்தவர்களில் பனி அள்ளும்போது மாரடைப்பு வந்தவர்களும் உண்டு. இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு இருந்தால் அவரை விடவே விடாதீர்கள். நலமாக இருந்தாலும் தூக்காமல் தள்ளட்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வரட்டும். நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனி வரப்பு இறுகிப்போய் மிகவும் பாரமாக இருக்கும். அதை இளையவர் எடுக்க வேண்டும்.

கேள்வி: உப்புப் போட்டும் ஐஸ் உருகவில்லையே?
- வாசகி, மார்க்கம்

பதில்: மைனஸ் 10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மணல் தூவுங்கள். உருகாது, ஆனால் கால் வழுக்காது.